குளுக்கோமீட்டரை வைத்து நமக்கென்று ஒரு உணவுத் திட்டம்: கடற்கரை வீட்டுக்கான செய்முறை

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே கையில் ஒரு அச்சடித்த தாள் வந்துவிட்டது. காலையில் ஓட்ஸ், மதியம் இரண்டு சப்பாத்தி, சாயங்காலம் ஆப்பிள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் பிறந்து சோறும் மீன் குழம்புமாக வளர்ந்தவர் அதை எத்தனை நாள் பின்பற்றுவார்? மீன் என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. எனவே அவருக்கான திட்டத்தை வீட்டிலேயே போட்டு, மருத்துவரிடம் காட்டிச் சம்மதம் வாங்கினோம். அந்த முறைதான் இது. விரலில் எப்படிக் குத்துவது என்பதெல்லாம் மீட்டர் பெட்டியிலேயே படத்தோடு இருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

மரபணு சோதனை வேண்டாம்

"எச்சிலை அனுப்புங்கள், உங்களுக்கேற்ற உணவைச் சொல்கிறோம்" என்ற விளம்பரத்தைக் காட்டிப் பலர் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் 7 நாடுகளில் 1,600 பேருக்கு மேல் சேர்த்து ஆறு மாதம் நடத்திய 'ஃபுட் ஃபோர் மீ' ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. ஒருவர் சாப்பிடுவதைக் கேட்டு அவருக்கென்று சொன்ன ஆலோசனை, பொது ஆலோசனையைவிட உணவுப் பழக்கத்தை நன்றாகவே மாற்றியது. உப்பும் சிவப்பு இறைச்சியும் குறைந்தன. ஆனால் அந்த ஆலோசனையோடு மரபணுத் தகவலைச் சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை. 2018-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 609 பேரிடம் செய்த எடைக் குறைப்பு ஆய்விலும், யாருக்கு எந்த உணவுமுறை ஒத்துவரும் என்பதை மரபணு காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருப்பது உண்மை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015-இல் 800 பேரை அளந்தபோது, ஒரே உணவுக்கு ஒவ்வொருவர் சர்க்கரையும் வெவ்வேறு அளவு ஏறியது. ஆகவே மரபணு சோதனைக்குக் கொடுக்கும் பணத்தில், ரத்தத் துளி வைத்து மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் வாங்குங்கள்.

படி 1: எழுதுங்கள்

ஒரு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு, டீயில் போடும் சர்க்கரை உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டுதான் என் தேர்வு. செயலிகளில் சூடை மீன் குழம்பைத் தேடியே நேரம் போய்விடும். சமையல் தராசு ஒரு நாள் இருந்தால் போதும்: உங்கள் வீட்டுக் கரண்டியில் ஒரு கரண்டி சோறு எத்தனை கிராம் என்று பார்த்துக்கொண்டு, பிறகு கரண்டிக் கணக்கிலேயே எழுதுங்கள்.

படி 2: மீட்டர்

மீட்டர் விலையைப் பார்க்காதீர்கள், ஸ்ட்ரிப் விலையைப் பாருங்கள். உங்கள் ஊர் மருந்துக்கடையில் எப்போதும் கிடைக்கிற ஸ்ட்ரிப்தான் நல்ல ஸ்ட்ரிப். நம் கடற்காற்றின் ஈரம் அதற்கு ஆகாது. ஒன்றை எடுத்த கையோடு டப்பாவை இறுக மூடுங்கள்.

படி 3: அளப்பது

இங்கேதான் நான் நெடுநாள் நின்றேன், நிதானமாகப் படியுங்கள்.

சாப்பிடுமுன் ஒரு அளவு. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்து இன்னொன்று. கை கழுவி எழுந்த நேரத்திலிருந்து அல்ல. விருந்து வீட்டில் இந்த இரண்டுக்கும் இடையே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். விரலில் ஒட்டிய பழச்சாறும் கருப்பட்டியும் எண்ணை ஏற்றிக் காட்டும்.

அடுத்தது, மீட்டரின் பிழை. சர்வதேசத் தர விதியே, சர்க்கரை 100-க்கு (மி.கி./டெ.லி., இங்கே எல்லா எண்ணும் இந்தக் கணக்கில்தான்) மேல் இருந்தால் 15 சதவீதம் கூடக் குறைய அனுமதிக்கிறது. மீட்டர் 160 காட்டினால் உண்மை 140-ஆகவும் இருக்கலாம், 180-ஐத் தொட்டும் இருக்கலாம். ஒரே ஒரு அளவை வைத்து இட்லியைத் தள்ளிவைக்காதீர்கள். அதே சாப்பாட்டை, அதே அளவில், மூன்று வெவ்வேறு நாளில் அளந்த பிறகு முடிவு செய்யுங்கள். மாற்றுவது ஒரு நேரத்தில் ஒன்றாக இருக்கட்டும். சோற்றையும் குறைத்து நடையையும் கூட்டினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

படி 4: தட்டை மாற்றுவது

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சாப்பிட்டபின் 180-க்குள் என்பது பொதுவான இலக்கு; உங்களுக்கானதை மருத்துவர் சொல்வார். அம்மாவுக்கு எல்லாரும் சிபாரிசு செய்த கேப்பைக்கூழ்தான் இட்லியைவிட அதிகம் ஏற்றியது. நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சிய மாவு வேகமாகச் செரிக்கும். மீனில் மாவுச்சத்து இல்லை, அது தனியாக ஏற்றுவதில்லை. எனவே ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் நெத்திலியோ சாளையோ கூடுதலாக வைத்தோம். மீனையும் கீரையையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வருவதும் பலன் தந்தது. செலவில்லாத மாற்றம் இது, முதலில் இதைச் செய்து பாருங்கள்.

சாயல்குடி கருப்பட்டி எனக்கும் உயிர். ஆனாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கிற அதே சர்க்கரை. சீனிக்குப் பதில் அதைப் போட்டுவிட்டுக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

படி 5: தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் போகாது. மீன் விலை ஏறும், கருவாடு தட்டுக்கு வரும். சர்க்கரையை அது ஏற்றாது, ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒரு நாள் மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். கருவாட்டைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவையுங்கள், குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். முட்டை, பாசிப்பயறு, முருங்கைக்கீரை ஆகியவற்றுக்கு இந்த இரண்டு மாதமும் திட்டத்தில் இடம் கொடுங்கள். நாட்டுப்படகு மீன் கிடைக்கிற நாளில் அதையே வாங்குங்கள்.

பிற்சேர்க்கை 1: நாட்டுப்படகில் போகும் தொண்டி வாசகர் ஒருவர், நள்ளிரவில் சாப்பிட்டுக் கிளம்புகிறவர் எப்படி அளப்பது என்று கேட்டார். முதல் வாய்க் கணக்குத்தான், கடிகார நேரம் முக்கியமில்லை. ஆனால் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் வலை இழுக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். குளுக்கோஸ் பொட்டலத்தை நனையாத உறையில் கட்டி மடியிலேயே வைத்திருங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன், சாப்பிடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். உடன் வருபவரிடமும் சொல்லிவையுங்கள். மருந்தின் அளவை நீங்களாக மாற்றவே கூடாது.

பிற்சேர்க்கை 2: படி 5-ஐப் படித்துவிட்டுச் சிலர் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கியிருக்கிறார்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிலவகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் மாத்திரை கொண்டுவரும்போது நோட்டையும் உப்புப் பாக்கெட்டையும் காட்டி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் விசாரித்துச் சொல்லும்படி கேளுங்கள்.