5ஜி டவர்களுக்கு நேரம் கொடுக்கும் கருவி: கொட்டேஷன் கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

இந்தியாவில் 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடும் 5ஜி, டிடிடி முறையில் வேலை செய்கிறது. ஒரே அலைவரிசையில் டவர் கொஞ்ச நேரம் அனுப்பும், கொஞ்ச நேரம் கேட்கும். ஒரு டவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து டவர் அனுப்பத் தொடங்கினால், செல்போனிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அதில் மூழ்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு டவரும் பொது நேரத்திலிருந்து ±1.5 மைக்ரோ நொடிக்குள் நிற்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை வாங்கி, பிடிபி (நெட்வொர்க்கில் துல்லியமான நேரத்தைக் கடத்தும் நெறிமுறை) வழியாக டவர்களுக்கு அனுப்பும் கருவிதான் கிராண்ட்மாஸ்டர்.

டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் "±40 நானோ நொடி" என்று பார்த்ததும் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆன்டெனாவில் சிக்னல் இருக்கும்வரைதான் அந்த எண்ணுக்கு மதிப்பு. சிக்னல் போன பிறகு என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: யாருக்கு நேரம் வேண்டும்?

எஃப்டிடி முறையில், அதாவது அனுப்பவும் கேட்கவும் தனித்தனி அலைவரிசையில் ஓடும் 4ஜி டவருக்கு அதிர்வெண் சரியாக இருந்தால் போதும். நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் விலகக் கூடாது, அவ்வளவுதான். சிங்க்-ஈ (ஈதர்நெட் வழியாக அதிர்வெண்ணைக் கடத்தும் வசதி) இருக்கும் ஸ்விட்சே அந்த வேலையைச் செய்துவிடும். டிடிடி டவருக்கு அதிர்வெண்ணோடு மணியும் சரியாக இருக்க வேண்டும், அதற்குத்தான் பிடிபி. சர்வர் லாக், பில்லிங் போன்றவற்றுக்கு மில்லி நொடி துல்லியம் தாராளம், கணினிகள் வழக்கமாக நேரம் வாங்கும் என்டிபி நெறிமுறை போதும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடு ஒத்திசைக்கச் சொல்வது இந்த மூன்றாவது வகையைத்தான். அதைக் காட்டி டவருக்கும் என்டிபி சர்வரை விற்க வருபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

படி 2: 1.5 மைக்ரோ நொடியைப் பங்கு போடுங்கள்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.8271.1 தரநிலை 1,500 நானோ நொடியை எப்படிப் பிரிக்கிறது என்று பாருங்கள். கிராண்ட்மாஸ்டருக்கு 100. வழியில் உள்ள 10 ஸ்விட்சுகளுக்கும் கடைசியில் உள்ள கடிகாரத்துக்கும் சேர்த்து 550. ஃபைபரில் போகும் பாதையும் வரும் பாதையும் சமமாக இல்லாததால் வரும் பிழைக்கு 250. மாறிக்கொண்டே இருக்கும் பிழைக்கு 200. சிக்னல் அறுந்து பாதை மாறும் நேரத்துக்கு 250. டவரின் உள்ளே 150.

ஸ்விட்சுகளைத் துல்லியத்தை வைத்து வகுப்பு பிரித்திருக்கிறார்கள். அந்த 550 என்பது கிளாஸ் ஏ ஸ்விட்ச் கணக்கு: ஒவ்வொன்றுக்கும் 50 நானோ நொடி. கிளாஸ் பி என்றால் 20, கிளாஸ் சி என்றால் 10. பாதை முழுக்க கிளாஸ் சி போட்டால் 550 என்பது 110 ஆகிவிடும். மிச்சமாகும் 440ஐ சிக்னல் அறுந்த நேரத்துக்கான 250-உடன் சேர்த்தால் 690 கிடைக்கிறது. கிராண்ட்மாஸ்டரையும் ஸ்விட்சையும் தனித்தனி டெண்டரில் வாங்கும் இடங்களில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. விளைவு, ஸ்விட்சில் மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகமாகக் கடிகாரத்தில் கொட்ட வேண்டிவரும்.

ஃபைபர் நீளத்தையும் கவனியுங்கள். ஒரு மீட்டர் ஃபைபரைக் கடக்க ஒளிக்கு ஏறக்குறைய 4.9 நானோ நொடி ஆகும். போகும் இழை வரும் இழையைவிட 100 மீட்டர் நீளமாக இருந்தால் வித்தியாசம் 490; பிடிபி அதைப் பாதியாக்கிக்கொள்வதால் பிழை 245. ஒரே ஒரு இடத்தில் இழையை மாற்றி ஒட்டியதில் 250 நானோ நொடிப் பங்கு மொத்தமும் காலி. பழுது பார்த்த பிறகு ஓடிடிஆர் (இழையின் நீளத்தை ஒளியால் அளக்கும் கருவி) வைத்து இரண்டு இழைகளையும் அளக்கச் சொல்வது இதனால்தான்.

படி 3: உள்ளே எந்தக் கடிகாரம்?

செயற்கைக்கோள் சிக்னல் போனதும் கருவி தன் உள் கடிகாரத்தை நம்பி ஓடும். இதுதான் ஹோல்டோவர். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

அதிர்வெண் நூறு கோடியில் ஒரு பங்கு விலகினால் நாளொன்றுக்கு 86.4 மைக்ரோ நொடி தள்ளிப்போகும், 1.5 மைக்ரோ நொடி வரம்பை 25 நிமிடத்தில் தாண்டிவிடும். இதைவிட அதிகம் விலகும் சாதாரண டிசிஎக்ஸ்ஓ (வெப்ப மாற்றத்தை ஈடுகட்டும் படிகக் கடிகாரம்) இந்த வேலைக்கு ஆகாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

சூடேற்றிய படிகக் கடிகாரமான ஓசிஎக்ஸ்ஓவில் பார்க்க வேண்டியது ஒரு நாளில் அது எவ்வளவு முதுமையடைகிறது என்பது. டேட்டாஷீட்டில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்று போட்டிருந்தால், முதல் நாள் முடிவில் 4.3 மைக்ரோ நொடி விலகும். விலகல் நேரத்தின் வர்க்கத்தில் வளர்வதால், 250 நானோ நொடியை 6 மணி நேரத்துக்குள் தொட்டுவிடும். 690 நானோ நொடி இடம் வைத்திருந்தால் 9.5 மணி நேரம் ஓடும். ரூபிடியம் அணுக்கடிகாரத்தில் முதுமை இதைப்போல நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் 690ஐத் தொட 4 நாள் ஆகும். மேலே சொன்னதெல்லாம் அறை வெப்பம் மாறாமல் இருந்தால். ஏசி நின்றால் ஓசிஎக்ஸ்ஓ கணக்கு இன்னும் சுருங்கும். எனவே விற்பவரிடம், "எந்த வெப்ப மாற்றத்துக்கு, எத்தனை நாள் செயற்கைக்கோள் சிக்னலோடு பூட்டிய பிறகு இந்த ஹோல்டோவர் எண்?" என்று எழுத்தில் கேளுங்கள். அடிக்குறிப்பில்தான் விஷயம் இருக்கும்.

ஆன்டெனா பழுதானால் உங்கள் ஆள் எத்தனை மணி நேரத்தில் அங்கே போய்ச் சேர்வார்? ஊருக்குள் 4 மணி நேரம் என்றால் நல்ல ஓசிஎக்ஸ்ஓ போதும். மலைப்பகுதி, தீவு, இரவில் திறக்க முடியாத கட்டடம் என்றால் ரூபிடியம். சீசியம் அணுக்கடிகாரம் மைய நிலையங்களில் ஓரிரண்டு இடங்களுக்கு மட்டும்.

படி 4: ரிசீவரும் ஆன்டெனாவும்

தமிழ்நாட்டில் ஒற்றை அலைவரிசை ரிசீவரை வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. காந்த நிலநடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. அதையொட்டிய பகுதிகளில் அயனி மண்டலம் அடர்த்தியானது. 100 டிஇசி அலகு (சிக்னல் வரும் பாதையில் உள்ள மொத்த எலக்ட்ரான்களின் அளவு) ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசைச் சிக்னலை ஏறக்குறைய 54 நானோ நொடி தாமதப்படுத்தும். சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் பிற்பகலில் இந்த அளவைக் காணலாம். ரிசீவர் ஒரு மாதிரியை வைத்து இதில் ஒரு பகுதியைத்தான் கழிக்கும். எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் ரிசீவர் இரண்டு தாமதங்களையும் ஒப்பிட்டுத் தாமதத்தை நேரடியாகவே கண்டுபிடித்துவிடும். ±40 நானோ நொடி கேட்கும் பிஆர்டிசி-பி என்ற துல்லிய வகுப்பு வேண்டுமென்றால் இரட்டை அலைவரிசை இல்லாமல் நடக்காது. இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் வசதி இருந்தால் நல்லது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

2016 ஜனவரி 26 அன்று சில ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் யுடிசி (உலகப் பொது நேரம்) திருத்தத்தில் 13 மைக்ரோ நொடி பிழையோடு தரவை அனுப்பின; பல நாடுகளில் தொலைத்தொடர்புக் கருவிகள் அலாரம் அடித்தன. ஜிபிஎஸ் நேரம் அன்றும் சரியாகவே இருந்தது. பிடிபிக்கு வேண்டிய டிஏஐ (சர்வதேச அணு நேரம்), ஜிபிஎஸ் நேரத்தோடு 19 நொடியைக் கூட்டினால் கிடைத்துவிடும். நீங்கள் வாங்கும் கருவி அப்படி நேரடியாக எடுக்கிறதா, யுடிசி வழியாகச் சுற்றி வருகிறதா என்பதை டெண்டரிலேயே கேளுங்கள்.

கேபிளுக்கு வருவோம். எல்எம்ஆர்-400 கேபிளில் மீட்டருக்கு 3.9 நானோ நொடி தாமதம், 1.5 கிகாஹெர்ட்ஸில் 0.17 டெசிபல் இழப்பு. மொட்டை மாடியிலிருந்து 60 மீட்டர் இறங்கினால் தாமதம் 235 நானோ நொடி, இழப்பு 10 டெசிபல். அந்த 235ஐக் கருவியில் பதிவு செய்ய மறந்தால் 100 நானோ நொடி வரம்பு முதல் நாளே உடைந்துவிடும், ஆனால் எந்த அலாரமும் வராது. ஆர்ஜி-58 என்றால் மீட்டருக்கு 5 நானோ நொடி. இழப்பும் பல மடங்கு, நீண்ட தூரத்துக்குப் போடாதீர்கள். ஆன்டெனா 38 டெசிபல் பெருக்கும் என்றால் அதில் இழப்பைக் கழித்து, மிஞ்சும் 28 ரிசீவர் ஏற்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆன்டெனாவை இடிதாங்கியின் பாதுகாப்பு வளையத்துக்குள், செல் ஆன்டெனாக்களின் முகத்துக்கு நேரே வராமல் பொருத்துங்கள். அடிவானத்திலிருந்து 10 டிகிரிக்கு மேல் மறைப்பு இருக்கக் கூடாது. கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் (மின்னலால் வரும் மின் எழுச்சியைத் தடுக்கும் கருவி). அதன் எர்த் அருகிலுள்ள எர்த் பட்டைக்கே போக வேண்டும். கனெக்டரில் தானாக ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றி, உள்ளே நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு சிக்னல் அளவு 45 டெசிபல்-ஹெர்ட்ஸிலிருந்து 35க்கு இறங்கியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கனெக்டரைத்தான்.

படி 5: போர்ட், மின்சாரம், லைசென்ஸ்

பிடிபி அமைப்பு முறை இரண்டு வகை: எல்லா ஸ்விட்சும் பிடிபி அறிந்தவை என்றால் ஜி.8275.1, இடையில் பழைய ரூட்டர்கள் இருந்தால் ஜி.8275.2. முதலாவதற்கு டொமைன் எண் (ஒரே பிடிபி குழுவைக் குறிக்கும் எண்) 24 முதல் 43 வரை, இரண்டாவதற்கு 44 முதல் 63 வரை. டவரில் வேறு எண் இருந்தால் கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. போர்ட்டில் செப்புக் கம்பிக்கான எஸ்எஃப்பி (கழற்றி மாட்டும் இணைப்புப் பகுதி) மாட்ட வேண்டாம், உள்ளிருக்கும் சிப்பின் தாமதம் நேரக்குறியைக் கெடுக்கும். மைனஸ் 48 வோல்ட், இரண்டு தனி ஃபீட். நேரம் வாங்கும் எத்தனை கருவிகளுக்கு (கிளையன்ட்) லைசென்ஸ் விலையில் அடக்கம் என்பதைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். இந்தியத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு 2021 ஜூன் 15 முதல் நம்பகமான மூலம் (ட்ரஸ்டட் சோர்ஸ்) என்ற அரசு ஒப்புதலும் தேவை. அது இல்லாத மாடலை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 6: பணம் கொடுக்கும் முன் சோதனை

கருவியைக் குறைந்தது ஒரு வாரம் பூட்டிய நிலையில் ஓடவிடுங்கள். கடிகாரம் தன் விலகலைக் கற்றுக்கொள்ள அவகாசம் வேண்டும். பிறகு 1பிபிஎஸ் (நொடிக்கு ஒரு துடிப்பு) வெளியீட்டை அளவீட்டுச் சான்றுள்ள சோதனைக் கருவியோடு இணைத்துவிட்டு ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். தன் நேரத்தின் தரத்தைக் கருவி டவர்களுக்குச் சொல்லும் எண்ணான கிளாக் கிளாஸ் 6லிருந்து 7 ஆக மாற வேண்டும். ஹோல்டோவர் காலம் முடிந்தால் 140, 150, 160 இவற்றில் ஒன்றுக்குப் போக வேண்டும். விலகல் ஏறிய பிறகும் 7லேயே நின்றால் டவர்கள் அந்தத் தப்பான நேரத்தை நம்பிக்கொண்டே இருக்கும். வேறு கிராண்ட்மாஸ்டருக்கு மாறவே மாறாது.

கடைசியாகக் கேபிளைத் திரும்ப மாட்டுங்கள். சேர்ந்திருக்கும் விலகலைக் கருவி மெதுவாகச் சரிசெய்கிறதா, ஒரே தாவலில் சரிசெய்கிறதா என்று கிராஃபில் பாருங்கள். தாவினால் அதன் கீழுள்ள டவர்கள் ஒரே நேரத்தில் அலாரம் அடிக்கும். மெதுவாக நகர்த்தும் வேகத்தை மாற்ற அமைப்பு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் போட்டுவிட்டு, அதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.