பாம்பன் விளக்கொளியைக் கொண்டு சுழி மீப்பரப்பைக் கணிக்கும் முறை

மண்டபக் கரையில் கட்டியிருக்கும் விசைப்படகின் விளக்கு ஒரே ஒரு முறை மின்னி அணைவதாகக் கொள்வோம். சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள பாம்பன் ரயில் பாலத்தின் தொலைவைக் கடக்க அந்த ஒளிக்கு ஏறத்தாழ 7 மைக்ரோ வினாடி போதும். ஒளி எல்லாத் திசைகளிலும் தடையின்றிப் பரவுவதாக வைத்து, அது எந்தக் கணத்தில் எங்கெங்கே இருந்தது என்பதைக் காலவெளியில் குறித்தால் கிடைக்கும் முப்பரிமாணக் கூம்பு ஓர் எளிய சுழி மீப்பரப்பு, அதாவது தனக்குச் செங்குத்தான வெக்டரின் (செங்கோட்டின்) நீளம் 0 ஆகும் பரப்பு.

முதலில் அதைச் சமன்பாடாக்குங்கள். ஒளிவேகத்தை 1 எனக் கொண்டு காலத்தையும் கிலோமீட்டரிலேயே அளந்தால், காலத்திலிருந்து தொலைவைக் கழிக்க 0 வரும் புள்ளிகளே கூம்பு. அதன் முனையில் வகைக்கெழு இல்லை, முனையை விலக்கிவிடுங்கள். பகுதி வகைக்கெழுக்களை எடுத்தால் செங்கோட்டின் காலக்கூறு 1, ஆரக்கூறு −1. காலவெளியில் நீளத்தை அளக்கும் விதியான லாரென்ட்ஸ் மெட்ரிக்கில் காலக்கூறின் வர்க்கம் கழித்தல் குறியோடு வருவதால், நீளத்தின் வர்க்கம் −1 + 1 = 0.

யூக்ளிடிய வடிவியலில் பழகிய மனம் இடறுவது இங்கேதான். செங்கோட்டோடு உட்பெருக்கம் 0 ஆகும் வெக்டர் எதுவும் பரப்பைத் தொடும். இந்தச் செங்கோடோ தன்னோடு பெருக்கினாலே 0 தருகிறது, ஆகவே அது பரப்புக்குள்ளேயே கிடக்கிறது. அதன் வழியே செல்லும் கோடுகள்தாம் ஒளிக்கதிர்கள். பரப்பின் மீதான மெட்ரிக்குக்கு நேர்மாறு கிடையாது. செங்கோட்டை ஓரலகு நீளத்துக்குச் சுருக்கவும் வழியில்லை.

அடுத்து விரிவைக் கணியுங்கள், அதாவது கதிர்க்கற்றையின் குறுக்குப் பரப்பளவு எந்த வீதத்தில் பெருகுகிறது என்பதை. பரப்பளவு தொலைவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாதலால் விரிவு, 2 வகுத்தல் தொலைவு. பாலத்தின் மறுமுனையில் கிலோமீட்டருக்கு 1. சரிபார்க்க, 2 கிலோமீட்டரிலிருந்து 2.1 வரை நகர்ந்தால் பரப்பளவு 10.25 விழுக்காடு கூடுகிறது. விரிவு தரும் தோராயம் 10. செங்கோட்டை இரட்டித்தால் விரிவும் இரட்டிக்கும் என்பதால், அதன் எண்மதிப்பைவிடக் குறியையே நான் நம்புவேன்.

இந்திய இயற்பியலாளர் அமல் குமார் ராய்ச்சௌத்ரி 1955இல் வெளியிட்ட சமன்பாட்டின் ஒளிக்கதிர் வடிவத்தையும் இதில் சோதிக்கலாம். சறுக்கமும் (கற்றையின் குறுக்குவெட்டு வடிவம் சிதைவது) பருப்பொருளும் இல்லாதபோது விரிவு மாறும் வீதம், விரிவின் வர்க்கத்தில் பாதி, கழித்தல் குறியோடு. நம் கூம்பில் இரு பக்கமும் −2 வகுத்தல் தொலைவின் வர்க்கம் என்றே வருகிறது.

இதே படிகளைச் சுழலாத கருந்துளையின் எல்லையில் செய்தால் ஒளிக்கதிர்கள் வெளிநோக்கி இருந்தும் விரிவு 0 என வரும். அங்கே பரப்பளவு மாறுவதே இல்லை.