"என் கடமையைச் செய்தேன்": பழிவாங்கல் வழக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு சிறு நகரம். அங்கே போலீஸ் சீஃபாக இருப்பவர், தன் கீழே வேலை பார்க்கும் அதிகாரி பொய் ரிப்போர்ட் எழுதியதையோ பிடிபட்டவரை அடித்ததையோ மேலிடத்தில் சொல்கிறார். சில வாரங்களில் சீஃபையே கட்டாய விடுப்பில் அனுப்புகிறார்கள். அப்புறம் வேலையும் போகிறது. இப்படி முறைகேட்டைச் சொன்னதற்காகப் பழிவாங்கப்பட்டவர்களுக்காக வழக்கு நடத்தும் அலுவலகத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். ஒரு காலத்தில் நாங்கள் எல்லாரும் செய்த தவறுகளைப் புதிதாக வரும் ஜூனியர்கள் அப்படியே செய்வதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

தேதி போட்டுக் குறிப்பு எழுதி வை, மின்னஞ்சலை அழிக்காதே, ஃபேஸ்புக்கில் புலம்பாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் போலீஸ் துறையிலிருந்து வருகின்றன. ஆனால் கவுன்ட்டி அலுவலகத்திலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ வேலை பார்க்கும் தமிழர்களுக்கும் இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை பொருந்தும்.

கடமை என்று எழுதுவது

பிராதின் முதல் பக்கத்திலேயே அந்த வரி வந்துவிடும். "போலீஸ் சீஃப் என்ற முறையில், என் கடமைப்படி, இந்த முறைகேட்டைத் தெரிவித்தேன்." கட்சிக்காரர் நேர்மையான மனிதர், வேறு எப்படிச் சொல்வார்? கேட்ட ஜூனியரும் மனம் நெகிழ்ந்து அப்படியே டைப் செய்துவிடுகிறார். பேச்சுரிமையை நம்பி ஃபெடரல் கோர்ட்டில் போட்ட வழக்கு அந்த ஒரு வரியிலேயே விழுந்துவிடும். எத்தனை முறை சொன்னாலும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

காரணம் 2006-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த 'கார்செட்டி எதிர் செபயோஸ்' தீர்ப்பு. செபயோஸ் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியின் அரசு வக்கீல். சோதனை வாரண்டு வாங்குவதற்காகக் கொடுக்கப்பட்ட பிரமாணப் பத்திரத்தில் தவறான தகவல்கள் இருப்பதைக் கண்டு மேலதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதினார். அதற்காகத் தன்னைப் பழிவாங்கினார்கள் என்று வழக்குப் போட்டார். 5-4 என்ற கணக்கில் தோற்றார். அரசு ஊழியர் தன் வேலையின் பகுதியாகப் பேசும்போது குடிமகனாகப் பேசுவதில்லை, ஆகவே அந்தப் பேச்சுக்கு, பேச்சுரிமையைத் தரும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தின் பாதுகாப்பு கிடையாது என்று நீதிபதி கென்னடி எழுதினார். அதற்கு முன்னால் 1968-இன் பிக்கரிங் தீர்ப்பை வைத்து ஊழியரின் பேச்சுரிமையையும் அலுவலகத்தின் தேவையையும் எடைபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2006-க்குப் பிறகு அந்த இடத்துக்குப் போவதற்குள் ஒரு கதவைத் தாண்ட வேண்டியிருக்கிறது: அவர் பேசியது வேலையின் பகுதியா, இல்லையா?

சாதாரணக் காவலருக்கே இது கஷ்டமான கேள்வி. சீஃபுக்கு இன்னும் மோசம். அதிகாரிகளைக் கண்காணிப்பதும் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும்தானே அவர் வேலை? பொய் சொல்லும் அதிகாரியைப் பற்றி வெளியே இருக்கும் மாவட்ட அட்டர்னியிடம் (குற்ற வழக்குகளை நடத்தும் அரசு வக்கீல்) சொன்னாலும், எதிர்த்தரப்பு 1963-இன் பிரேடி தீர்ப்பைக் காட்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான தகவலை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. எனவே அதிகாரியின் நம்பகத்தன்மையைப் பற்றி அட்டர்னிக்குத் தெரிவிப்பதும் சீஃபின் வேலைதான் என்று வாதாடுவார்கள்.

வெறும் பயமுறுத்தலுக்காகச் சொல்லவில்லை. இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு சார்ஜென்ட், வேறு பிரிவுத் துப்பறிவாளர்களின் முறைகேட்டைச் சொன்னார். 2007-இல் ஏழாவது சர்க்யூட் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) அது அவர் வேலைக்குள் அடங்கும் என்றது. மிசிசிப்பியின் ட்ரூ என்ற சிற்றூரில் சீஃபாக இருந்தவர், மேயர் நகராட்சியின் பெட்ரோல் கார்டைத் தவறாகப் பயன்படுத்துவதாக வெளி விசாரணை அமைப்புகளிடம் சொன்னார். அதுவும் சீஃபின் வேலையே என்று 2013-இல் ஐந்தாவது சர்க்யூட் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பி மறுபடி பார்க்கச் சொன்ன பிறகும் 2014-இல், மேயரிடம் நஷ்டஈடு கேட்க முடியாதபடி அவருக்குச் சட்டக் காப்பு கிடைத்தது.

அதற்காகப் பேச்சுரிமை வழக்கே போடக் கூடாது என்று அர்த்தமில்லை. கட்சிக்காரர் யாரிடம் பேசினார், யார் தடுத்தும் பேசினார் என்பதை முதல் நாளே கேட்டாக வேண்டும். கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் டாலியா என்ற துப்பறிவாளர், கொள்ளை வழக்கில் பிடிபட்டவர்களைச் சக அதிகாரிகள் துன்புறுத்தியதைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று மிரட்டினார்கள். அதையும் மீறி வெளி அமைப்பான ஷெரிஃப் அலுவலகத்திடம் சொன்னார், உடனே விடுப்பில் அனுப்பினார்கள். 2013-இல் ஒன்பதாவது சர்க்யூட்டின் விரிந்த அமர்வு அவர் வழக்கை உயிரோடு வைத்தது. மேலதிகாரியின் உத்தரவையே மீறிப் பேசியதை வேலையின் பகுதி என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்பது அதன் வாதம். நியூயார்க் மாநிலத்தின் மிடில்டவுனில், தான் எழுதிய உண்மையான ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற மறுத்த புதிய காவலருக்கும் 2011-இல் பாதுகாப்பு கிடைத்தது. சம்மன் வந்து கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்ன சாட்சியம், அதுவும் அன்றாட வேலையில் சேராத சாட்சியம் என்றால், 2014-இன் லேன் தீர்ப்பு கை கொடுக்கும்.

நடந்ததை மாற்றி எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிராதில் ஒரு பொய் இருந்தாலும் வழக்கோடு சேர்ந்து கட்சிக்காரரின் பெயரும் போய்விடும். அது கடமைதான் என்றால் கடமைதான். அப்போது பேச்சுரிமையை முன்னால் வைக்காமல் மாநிலச் சட்டத்தை முன்னால் வைக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் லேபர் கோட் 1102.5 பிரிவு, தகவல் தெரிவிப்பது அந்த ஊழியரின் வேலையாகவே இருந்தாலும் அவரைப் பழிவாங்கக் கூடாது என்று 2014 முதல் வெளிப்படையாகச் சொல்கிறது. ஃபெடரல் கோர்ட்டில் வழக்கைக் கொல்லும் அதே வரி இங்கே எந்தக் கெடுதலும் செய்யாது. "எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தானே சொன்னார்" என்று நகராட்சி தப்பிக்கவும் முடியாது. அந்த வாதத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2023-இல் தள்ளிவிட்டது.

பிறகு ஏன் எல்லாரும் ஃபெடரல் கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள்? பேச்சுரிமை என்றால் பெரிய வழக்கு மாதிரி தோன்றுகிறது. அதோடு, கலிஃபோர்னியாவில் அதற்கு 2 வருடம் அவகாசம் இருக்கிறது. அந்த 2 வருடம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. மாநிலச் சட்டத்தின் கீழ் நகராட்சியிடம் நஷ்டஈடு கேட்க வேண்டுமானால் 6 மாதத்துக்குள் அந்த நகராட்சியிடமே எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் முடிவெடுக்க 45 நாள். நிராகரித்து எழுத்தில் அறிவித்தால், அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்கு. முதல் கெடுவைத் தவறவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு வருடம்தான் எல்லை.

ஒருவர் எங்களிடம் வந்தார். ஊரையோ ஆளையோ சொல்ல மாட்டேன். சிறு நகரத்து சீஃப். ஓர் அதிகாரி செய்யாத ரோந்துக்கு ஓவர்டைம் எழுதியதைக் கண்டுபிடித்து நகராட்சி நிர்வாகத்தை நடத்தும் சிட்டி மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் மூடி மறைக்கச் சொன்னதும் சீஃப் மாவட்ட அட்டர்னியிடம் போனார். கொஞ்ச நாளில் 'நம்பிக்கை இழந்துவிட்டோம்' என்று ஒரு கடிதம், வேலை போயிற்று. நான் பார்த்த வழக்குகளில் சாட்சியம் இவ்வளவு தெளிவாக இருந்தவை குறைவு. சிட்டி மேனேஜரே தடுத்திருக்கிறார். டாலியா வழக்கில் வேலை செய்த அதே உண்மை இங்கேயும் இருந்தது. ஆனால் அவருக்கு முதலில் ஆஜரான வக்கீல் பிராதில் அதை எழுதவே இல்லை. எழுதியது கடமை வரியைத்தான், அதுவும் மூன்று இடங்களில். நகராட்சி வக்கீல்கள் அந்த மூன்று இடத்தையும் மேற்கோள் காட்டித் தள்ளுபடி கேட்டார்கள், கிடைத்தது. அவர் எங்கள் அறையில் வந்து உட்கார்ந்தபோது 6 மாதம் போயிருந்தது, ஒரு வருடமும் போயிருந்தது. சரியான காரியத்தைச் செய்த மனிதரிடம் உங்களுக்கு எந்தக் கோர்ட்டிலும் வழி இல்லை என்று சொல்லும் நிலைமை எந்த ஜூனியருக்கும் வர வேண்டாம். முதல் சந்திப்பு முடிந்ததும் காலண்டரில் மாநிலக் கெடுவைக் குறியுங்கள். பிராது எழுதுவது பிறகு.

எல்லா மாநிலமும் கலிஃபோர்னியா என்று நினைப்பது

டெக்சஸில் 90 நாள்தான். அதற்குள் வழக்குப் போட வேண்டும், அல்லது அலுவலகத்தின் குறைதீர்ப்பு நடைமுறை இருந்தால் அதைத் தொடங்க வேண்டும். புகாரும் சரியான சட்ட அமலாக்க அமைப்பிடம் போயிருக்க வேண்டும். மேலாளரிடம் சொன்னேன் என்பது பெரும்பாலும் போதாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. மன உளைச்சல் போன்றவற்றுக்கான தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. 100 பேருக்கு மேல் ஊழியர் இல்லாத சிறு நகராட்சி என்றால் 50,000 டாலர். ஃப்ளோரிடாவில் தானாக முன்வந்து கொடுக்கும் புகார் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

கருத்து வேறுபாட்டைச் சட்டமீறலாக எழுதுவது

எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் வழக்கு இல்லை.

ஃபைல்களை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போவது

விடுப்பில் போகச் சொன்ன அன்று இரவே சிலர் பாடிகேம் (காவலர் சட்டையில் மாட்டும் கேமரா) பதிவுகளையும் அந்த அதிகாரியின் பணிக்கோப்பையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் காவலர்களின் பணிக்கோப்பு பெரும்பாலும் ரகசியம். தண்டனைச் சட்டத்தின் 832.7 பிரிவு அப்படிச் சொல்கிறது. நகராட்சி முதலில் சொன்ன காரணம் பலவீனமாக இருந்தாலும், இதைப் பிற்பாடு கண்டுபிடித்து "இதற்காகவே அவரை நீக்கியிருப்போம்" என்று வந்து நிற்கும். 1995-இன் மெக்கெனன் தீர்ப்புக்குப் பிறகு இப்படிக் கண்டுபிடிப்பது வழக்கை முழுதாக முடித்துவிடாது என்பது உண்மை. ஆனால் மறுபடி வேலை, வருங்காலச் சம்பளம் இரண்டும் பொதுவாகக் கைவிட்டுப் போகும். எந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்று நினைவிலிருந்து பட்டியல் எழுதிக் கொடுத்தால் போதும், சட்டப்படி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முடிவெடுத்தவருக்கு விஷயம் தெரியும் என்று நம்பிவிடுவது

கட்சிக்காரர் முறைகேட்டைச் சொன்னது, அவரை நீக்க முடிவெடுத்தவருக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். கவுன்சில் ஓட்டுப் போட்டது என்றால் எந்த உறுப்பினருக்கு எப்போது யார் சொன்னார்கள் என்று ஒவ்வொருவராகத் தேட வேண்டும்.

தொகையையும் காலத்தையும் வாக்குக் கொடுப்பது

இரண்டையும் சொல்லாதீர்கள். சிகாகோவில் சார்ஜென்ட் ரொனால்ட் வாட்ஸின் ஊழலை விசாரிக்க உதவிய இரண்டு அதிகாரிகள் 2012-இல் வழக்குப் போட்டு, 2016-இல் 20 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தார்கள். பால்டிமோரில், பிடிபட்டவரைச் சக அதிகாரிகள் அடித்ததைச் சொன்ன ஜோ கிரிஸ்டலின் கார் கண்ணாடியில் செத்த எலியை வைத்தார்கள். அவருக்கு அதே 2016-இல் கிடைத்தது 42,000 டாலர். யு.எஸ். பார்க் போலீஸின் சீஃப் தெரசா சேம்பர்ஸ், ஆள் பற்றாக்குறையைப் பற்றி வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையிடம் பேசியதற்காக 2003 டிசம்பரில் விடுப்பில் அனுப்பப்பட்டார், 2004 ஜூலையில் நீக்கப்பட்டார். அதே நாற்காலியில் அவர் மறுபடி உட்கார்ந்தது 2011-இல். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவக் காப்பீடு என்று குடும்பம் எத்தனை வருடம் தாங்கும் என்பதை முதல் சந்திப்பிலேயே கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துக் கேட்பேன். அந்தப் பேச்சுக்கு அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள்.

ராஜினாமா

"கௌரவமாகப் போய்விடுங்கள்" என்று சிட்டி மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டுவார். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை நீட்டுவார். கூடவே சில மாதச் சம்பளம், இனி வழக்குப் போட மாட்டேன் என்ற உறுதிமொழி. கலிஃபோர்னியாவில் எழுத்தில் காரணம் சொல்லாமல், மேல்முறையீட்டுக்கு வாய்ப்புக் கொடுக்காமல் ஒரு போலீஸ் சீஃபை நீக்க முடியாது. கவர்மென்ட் கோட் 3304 பிரிவு அதைச் சொல்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் காரணத்தை எழுத வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லாமல் போகும். கடிதத்தை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை என் வக்கீல் பேசுவார் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.