கப்பலில் அறை மாறும் நாள்

மயாமியிலிருந்து புறப்படும் 7 நாள் கரீபியன் பயணங்கள் இரண்டை ஒரே கப்பலில் அடுத்தடுத்துப் பதிவு செய்து, அறைகள் மட்டும் வெவ்வேறாக அமைந்துவிட்டால், முதல் பயணம் முடிவதற்கு முந்தைய நாளே அறைப் பணியாளரிடம் புதிய அறை எண்ணைச் சொல்லிவிடுங்கள். தொங்கும் உடைகளைப் பெரும்பாலான கப்பல்களில் ஹேங்கரோடு அப்படியே கொண்டுபோய் மாட்டிவிடுவார்கள். மற்றவற்றைப் பெட்டியில் அடுக்கி அறைக்குள்ளேயே வைத்தால் போதும். அன்றிரவு மற்றவர்களைப் போலப் பெட்டியை வாசலில் வைத்துவிடாதீர்கள், அது இறங்குவோரின் பெட்டிகளோடு கரைக்குப் போய்விடும். பழைய அறையை விடும்முன், நகை, பணம் வைக்கும் பாதுகாப்புப் பெட்டகத்தின் உள்மூலைகளைக் கையால் தடவிப் பாருங்கள். சிறு மோதிரம் கண்ணில் படாது. அமெரிக்கத் துறைமுகத்தில் தொடர்பயணிகளும் பொதுவாக இறங்கிச் சோதனை முடித்தே மீண்டும் ஏற வேண்டும், புதிய அறையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் தயாராகும் என்பதால், கடவுச்சீட்டையும் மருந்துகளையும் தோள்பையிலேயே வைத்திருங்கள்.