பராமரிப்பு மின்தடை நாளில் வீட்டிலிருந்து வேலை
பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்களை அதிகம் பதற வைப்பது பராமரிப்பு மின்தடைதான். அதற்காக விடுப்பைச் செலவழிக்க வேண்டாம். முதல் நாள் பேப்பரில் அறிவிப்பைப் பார்த்ததுமே மேலாளருக்கு எழுதிவிடுங்கள்: "நாளை 9 முதல் 2 வரை கரண்ட் இருக்காது. காலை 6 முதல் 9, பிற்பகல் 3 முதல் 8 வரை வேலை செய்கிறேன்." மொட்டையாக 'நேரம் மாற்றித் தாருங்கள்' என்றால் பேச்சு இழுபடும். மணிக்கணக்கைச் சொன்னால் சம்மதிப்பது எளிது.

அறிவிக்காத மின்வெட்டுக்கு ரவுட்டருக்கென ஒரு மினி யுபிஎஸ் (கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட வைக்கும் சிறிய பேட்டரி பெட்டி) போதும். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பாருங்கள். பல ரவுட்டர்கள் 12 வோல்ட், சில 9. ஒன்பதுக்குப் பன்னிரண்டைக் கொடுத்தால் ரவுட்டர் கருகிப்போகலாம். ஃபைபர் கேபிள் வந்து சேரும் பெட்டி ரவுட்டரிலிருந்து தனியாக இருந்தால் அதற்கும் கரண்ட் தேவை. இதை விட்டுவிட்டு, யுபிஎஸ் இருந்தும் நெட் வரவில்லையே என்று தவிப்பவர்கள் உண்டு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நேரத்தை மாற்றி வாங்கிய பிறகு, நடுவில் போன் ஹாட்ஸ்பாட்டில் உட்காராதீர்கள். 8 மணி நேர வேலை 13 ஆகிவிடும். கழுத்தும் கண்ணும் தாங்காது. அந்த 5 மணி நேரத்தில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.