கேம்பரை முதுகில் ஏற்றிய டிரக்கில் ஷேஃபர் சரிவில் இறங்குவது எப்படி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் ஒயிட் ரிம் ரோடு என்று ஒரு மண் பாதை இருக்கிறது. முழுதாகச் சுற்றி வந்தால் சுமார் 160 கிலோமீட்டர், இரண்டு மூன்று நாள் ஆகும், வழியில் குடிதண்ணீரும் கிடையாது பெட்ரோலும் கிடையாது. அதற்கு இறங்கும் வழிகளில் ஒன்றுதான் ஷேஃபர் டிரெயில். மேட்டிலிருந்து ஏறக்குறைய 450 மீட்டர் கீழே, கொண்டை ஊசி வளைவாக வளைந்து வளைந்து போகும். ஒரு பக்கம் செம்பாறைச் சுவர், இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. பழங்குடி மக்கள் நடந்த தடம் அது, பிறகு மாடு ஓட்டியவர்களின் பாதையானது, 1950களில் யுரேனியம் ஏற்றிய லாரிகள் போய்வந்தன. லாரி போன வழியில் நம் டிரக் போகாதா என்று தோன்றும். போகும். ஆனால் கேம்பரை, அதாவது படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வீட்டுப் பெட்டியை, ஏற்றிய பிறகு அது நீங்கள் தினம் ஓட்டும் டிரக் இல்லை. நான் அதை மறந்த ஒரே ஒரு நிமிடத்தில் கேம்பரின் வலது மேல் மூலை பிய்ந்தது, அந்தக் கதை பிறகு.

முதல் வேலை எடை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை எடை தாங்கும் என்று. கேம்பர் விற்பவர் சொல்வது பெரும்பாலும் காலிப் பெட்டியின் எடை, அதில் தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, அரிசி மூட்டை, மாமியார் கட்டிக் கொடுத்த ஊறுகாய் பாட்டில் எதுவும் சேராது. எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்து, லாரிகள் நிற்கும் இடத்தில் இருக்கிற எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், முன் அச்சு எவ்வளவு பின் அச்சு எவ்வளவு என்று தனித்தனியாக. அப்புறம் கனமானதை எல்லாம் தரையோடு தரையாக, முன்பக்கம் தள்ளி வையுங்கள். கூரை மேல் எதையும் கட்டாதீர்கள், சரிவில் உங்களைக் கவிழ்ப்பது அந்த உயரத்து எடைதான்.

கேம்பரை டிரக்கோடு இழுத்துப் பிடிக்கும் நான்கு டர்ன்பக்கிளையும் (திருகி இறுக்கும் இணைப்புக் கம்பிகள்) கிளம்பும்போது பார்த்தால் போதாது. அலை அலையாக மடிந்த மண் ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் குலுங்கிய பிறகு கையால் திருகிப் பாருங்கள், ஒன்றாவது தளர்ந்திருக்கும். கேம்பரை டிரக்கிலிருந்து தூக்கி நிறுத்த மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜாக்குகளைக் கழற்ற முடிந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், பாறையில் முதலில் இடிப்பது அவைதான்.

டயர் காற்று. வெறும் ஜீப்பில் வருகிறவர்கள் 15 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள், அதைப் பார்த்து நாமும் இறக்கினால் இத்தனை எடையில் டயரின் பக்கச்சுவர் நசுங்கிக் கிழியும், இல்லையென்றால் ரிம்மை விட்டே கழன்றுவிடும். நான் தார் ரோட்டில் பின்டயருக்கு 65 வைப்பேன், இங்கே 45. அதற்குக் கீழே போனதில்லை. உங்கள் டயருக்கும் எடைக்கும் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் குறைத்த காற்றோடு வேகமாகப் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் பொது. திரும்பக் காற்றடிக்க கம்ப்ரஸர் கையில் இருக்க வேண்டும்.

இனி இறக்கம். சரிவு தொடங்கும் முன்பே நிறுத்தி, லோ ரேஞ்சுக்கு, அதாவது நான்கு சக்கர வண்டியின் மெதுவான, பலமான கியர் வரிசைக்கு மாற்றி, முதல் கியரில் போட்டு, பிறகுதான் மூக்கை இறக்க வேண்டும். பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வண்டியை இஞ்சின் பிடித்து வைக்கும், நடக்கிற வேகத்தில்தான் இறங்கும், பின்னால் வருகிறவருக்கு எரிச்சல் வந்தால் வரட்டும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள்; வேகம் கூடினால் அழுத்தி, குறைந்ததும் முழுசாக விட்டுவிடுங்கள். கருகின வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள், டீ போடலாம். சரிவில் தானாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் பட்டன் இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம், அதுவும் பிரேக்கைத்தான் சூடாக்குகிறது.

சரி, என் மூலை பிய்ந்த கதை. எதிரே ஒரு ஜீப் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பதால் நான் பாறைச் சுவர் பக்கம் ஒதுங்கினேன். சுவரை ஒட்டி மழைநீர் அரித்த ஒரு வாய்க்கால், அதில் வலது சக்கரம் இறங்கியது, அரைச் சாண்தான் இருக்கும். கீழே அரைச் சாண் என்றால் மூன்று மீட்டர் உயரத்தில் கூரை ஒரு சாண் சாய்கிறது. நான் கண்ணாடியில் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், வாக்கி டாக்கியில் மனைவி “நில்லுங்க, நில்லுங்க” என்கிறாள், அதற்குள் மேலே தகரம் கிழிகிற சத்தம். அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது: குறுகலான இடத்தில் ஒருவர் இறங்கி நடக்க வேண்டும், அவர் முதலில் கூரையைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் சக்கரத்தை. சறுக்கினால் வண்டி போகும் வழியில், அதாவது அதற்குக் கீழே, அவர் எப்போதும் நிற்கக் கூடாது.

ஒரே மடக்கில் திரும்பாத வளைவில், பின்பக்கம் மலையை நோக்கி இருக்கும்படி ரிவர்ஸ் எடுங்கள். பள்ளம் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். கேம்பரின் பின்பக்கம் சக்கரத்தைத் தாண்டி நீண்டிருக்கும், அது சுவரில் முட்டும் முன் நிறுத்த வேண்டும்.

ஒயிட் ரிம்மில் நடுவழியில் மர்ஃபி ஹாக்பேக் என்ற ஏற்றம் இருக்கிறது, குறுகலும் செங்குத்தும் சேர்ந்தது. மேலே ஏறும்போது பானெட்டும் வானமும் மட்டும்தான் தெரியும், அதனால் முதலில் நடந்து ஏறி உச்சிக்கு அந்தப் பக்கம் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது, யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக மிதியுங்கள். சக்கரம் சுழன்றால் மேலும் மிதிக்காதீர்கள், நின்றுவிடுங்கள், ரிவர்ஸ் கியரில் நேராகப் பின்னோக்கி இறங்குங்கள். வண்டியைக் குறுக்கே திருப்ப மட்டும் முயலாதீர்கள், கேம்பர் வண்டிகள் உருளுவது அப்படித்தான். பக்கவாட்டில் சாய்ந்த பாதையிலும் இதே பயம். மனது ஒப்பவில்லை என்றால் திரும்பிப் போவதில் வெட்கமில்லை. இங்கிருந்து வண்டியை இழுத்து வரச் சாதாரணமாகவே 1,000 டாலருக்கு மேல் ஆகும்.

மழை பெய்தால் கிளம்பவே வேண்டாம். களிமண் நனைந்தால் சோப்பு மாதிரி. கோடையின் பிற்பகுதியில் எங்கோ பெய்த மழை இங்கே வறண்ட ஓடையில் வெள்ளமாக வரும், ஓடைக்குள் கேம்பரை நிறுத்தித் தூங்காதீர்கள். இதே பாதையின் மறுமுனையில் இருக்கும் மினரல் பாட்டம் வளைவுகள் 2010 ஆகஸ்டில் அப்படி ஒரு மழையில் அரித்துப் போய், அடுத்த வருடம்தான் மறுபடி திறந்தார்கள்.

ஒயிட் ரிம்முக்குப் பகலில் போய் வரவும் பர்மிட் வேண்டும், இரவு தங்கவும் வேண்டும். பாதையை விட்டுச் சக்கரத்தை இறக்காதீர்கள், கறுப்பாகப் பொருக்குத் தட்டிய அந்த மண் உயிருள்ளது, ஒரு டயர் தடம் ஆறப் பல வருடம் ஆகும்.

கீழே சமதளம் வந்ததும் இறங்கி, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கொண்டு போங்கள், தொட வேண்டாம், அனல் தெரியும். நான்கில் ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். பிறகு கேம்பர் கதவைத் திறங்கள், மெதுவாக, ஏனென்றால் ஊறுகாய் பாட்டில் அலமாரிக்குள்ளேதான் இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.