நட்சத்திரத்தின் மேல் பித்தாக இருக்கும் பிள்ளையோடு என்ன செய்வது: ஒரு பி.டி. டீச்சரின் அனுபவம்

அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 வருடமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். மார்ச் மாதம் பிறந்தால் போதும், ஏதாவது ஒரு அம்மா மைதானத்துக்கே தேடி வந்துவிடுவார். "டீச்சர், பரீட்சை நேரத்தில் மேட்ச் மேட்ச் என்றே கிடக்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பான்." சில அம்மாக்களுக்குக் கிரிக்கெட் கவலை, சிலருக்குச் சினிமா. சினிமா நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் நாம் அளவுக்கு மீறிக் கொண்டாடுகிறோமா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் பிள்ளையிடம் "விட்டுவிடு" என்று மட்டும் சொல்ல மாட்டேன். அதற்கு என் தம்பிதான் காரணம்.

தம்பிக்கு அப்போது 20 வயது. ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்தில் கிளைச் செயலாளர். பட ரிலீஸுக்குக் கட்அவுட்டும் பேண்டு வாத்தியமும் வைக்க, அம்மாவின் இரண்டு பவுன் செயினை அடகு வைத்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் அப்பா அவன் அறையில் இருந்த படங்களையெல்லாம் கிழித்துப் போட்டார். அன்றைக்கு ராத்திரியே வீட்டை விட்டுப் போனவன் நான்கு மாதம் கழித்துத்தான் வந்தான். செயினை மீட்க இரண்டு வருடம் ஆனது. கிழித்ததில் ஒன்றும் குறையவில்லை, மன்றத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

அதனால் முதல் வேலை, படத்தைக் கிழிக்காதீர்கள். அந்த நடிகரையோ வீரரையோ மட்டம் தட்டிப் பேசவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "அவரிடம் உனக்கு எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். "மாஸ்", "கெத்து" என்று பதில் வரும். அதோடு விடாமல், "எந்த இடத்தில்? எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இங்கே திணறிவிடுவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், வேலையைப் பார்த்ததில்லை. அதைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் நாம் செய்ய வேண்டியது.

ஒரு மேட்சைச் சேர்ந்து பாருங்கள். பிள்ளை தோனி ரசிகன் என்றால், சிக்ஸரை விட்டுவிட்டுக் கீப்பிங்கை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். சாதாரணமாகக் கீப்பர்கள் பந்தோடு கையைப் பின்னால் இழுத்துத்தான் வாங்குவார்கள். தோனியின் கை அப்படிப் பின்வாங்காது. பந்தை வாங்கிய கை அப்படியே ஸ்டம்பை நோக்கிப் போய்விடும். பேட்ஸ்மேன் காலைத் திரும்பவும் கிரீஸுக்குள் வைப்பதற்குள் பெயில்ஸ் பறந்திருக்கும். இதை மெதுவாக ஓட்டிக் காட்டிய பிறகு, என் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கழிப்பறைச் சுவரில் டென்னிஸ் பந்தை அடித்து அடித்து ஒரு மாதம் பழகினான். இப்படிப்பட்ட ரசிகன் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும்.

இதற்கு நேர்மாறானதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சென்னை அணியில் தோனிக்கு முன்னால் தான் இறங்கினால், தோனி ஆடுவதைப் பார்க்க, எப்போது அவுட் ஆவேன் என்று கூட்டம் காத்திருக்கும் என்று ஜடேஜாவே 2023-இல் சொன்னார். சொந்த அணிக்காரர் அவுட் ஆக வேண்டும் என்று கத்துகிறவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அதே சென்னையின் சேப்பாக்கம் மைதானத்தில் 1999 ஜனவரி 31 அன்று நடந்ததையும் சொல்லுங்கள். நான் அப்போது பிளஸ் டூ, பக்கத்து வீட்டு டி.வி.யில் பார்த்தேன். சச்சின் 136 ரன் அடித்தும் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. எல்லாருக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனாலும் மைதானமே எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அந்தக் கைதட்டல் ஆட்டத்துக்கானது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அடுத்து ஸ்டாப்வாட்ச். செல்போனில் இருப்பதே போதும். பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடினார். வெண்கலம் வாங்கியவர் 55.41. இதைச் சொன்னால் பிள்ளைகள் "ஓ" என்பார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்து, "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ, ஆரம்பித்து நிறுத்து" என்று சொல்வேன். 0.21 வரும். 0.15 வரும். ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கி அமுக்குவார்கள். 0.10-க்குக் கீழே போகிறவர்கள் சிலர்தான். 0.01 இதுவரை யாருக்கும் வந்ததில்லை. அமுக்கி அமுக்கி விரல் சிவந்த பிறகு ஒரு பெண் மெல்லக் கேட்டாள், "இதுக்கும் கம்மியான நேரத்துலயா மிஸ் அவங்களுக்கு மெடல் போச்சு?" வகுப்பே அமைதியாகிவிட்டது.

இதைவிட முக்கியமானது, பக்கத்தில் இருக்கும் வீரரைக் காட்டுவது. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் முதலாவதாக வந்தாள். வெறுங்காலோடு, மண் தரையில். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயரை வாசித்தோம், எல்லாரும் கைதட்டினார்கள், மதியத்துக்குள் மறந்துவிட்டார்கள். மறுநாள் ஐ.பி.எல். பேசிக்கொண்டிருந்த நான்கு பையன்களைக் கூப்பிட்டு, "அவளோடு நான்கு சுற்று ஓடுங்கள்" என்றேன். எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர். முதல் சுற்றில் சிரித்துக்கொண்டே முந்திப் போனார்கள். இரண்டாவதில் வாயால் மூச்சு வாங்கினார்கள். மூன்றாவதில் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் அதே வேகத்தில் நான்காவதையும் முடித்துவிட்டு, குழாயில் தண்ணீர் குடிக்கப் போனாள். அன்றிலிருந்து அவள் பெயரை அவர்கள் சொல்லும் விதமே மாறிவிட்டது.

உங்கள் ஊரிலும் அப்படி யாராவது இருப்பார்கள். பிள்ளையை அழைத்துப் போய்க் காட்டுங்கள். முடிந்தால் கூடவே ஓட விடுங்கள்.

இதே 800 மீட்டரில்தான் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அதற்கப்புறம் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். 2007 உலகக் கோப்பையில் இந்தியா தோற்றபோது, ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீட்டைச் சேதப்படுத்தினார்கள். நான்கு வருடத்தில் அதே தோனியைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். உங்கள் பிள்ளையின் நட்சத்திரம் சொதப்பும் நாளில் இவற்றைச் சொல்லுங்கள். ஜெயிக்கும் நாளில் சொன்னால் காதில் ஏறாது.

பணத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். டிக்கெட், ஜெர்சி, ரீசார்ஜ், பேனர் வசூல் எல்லாவற்றையும் பிள்ளையே எழுதட்டும், மாதக் கடைசியில் அவனே கூட்டட்டும். தொகையைப் பார்த்து நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. இது கஷ்டம்தான், ஆனால் வாயைத் திறந்தால் அடுத்த மாதம் நோட்டில் பாதிதான் வரும். "அவருக்காக உயிரையே கொடுப்பேன்" என்று பிள்ளை சொன்னால், 2011-இல் அஜித் தன் மன்றங்களைத் தானே கலைத்ததையும், 2021-இல் "தல" என்று கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் மட்டும் நான் கறார். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே 11 பேர் நசுங்கிச் செத்தார்கள், கோப்பையைக் கொண்டாடப் போன இடத்தில். இலவச அனுமதி, அவசர அறிவிப்பு என்றால் அனுப்பாதீர்கள். போயே தீர வேண்டுமென்றால், நுழையும்போதே வெளியேறும் வழியைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். கையைத் தூக்க முடியாத அளவுக்கு நெருக்கம் வருவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து, மூச்சுக்கு இடம் விட்டு, கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல் சாய்வாக ஓரத்துக்கு நகர வேண்டும். செருப்பு, செல்போன் எது விழுந்தாலும் குனியக் கூடாது. இதை என் மைதானத்தில் பிள்ளைகளை நெருக்கமாக நிற்க வைத்துச் செய்து காட்டியே பழக்குகிறேன்.

அந்த நான்கு பையன்களில் ஒருவன் இப்போது காலை ஆறு மணிக்கெல்லாம் மைதானத்துக்கு வந்துவிடுகிறான். ஏழாம் நம்பர் போட்ட மஞ்சள் ஜெர்சியில்தான் ஓடுகிறான், நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று மூன்றாவது சுற்று முடியும் வரை அவளுக்கு ஐந்தடி பின்னாலேயே வந்தான்.